தார் ரோடு ஏறியதும் முன் அச்சை விடுவியுங்கள்!
நான்கு சக்கர இயக்க வண்டி வாங்கும் முன் தெரிந்துகொள்ள வேண்டியவை

‘செகண்ட் ஹாண்டில் இரண்டு ஃபோர் வீல் பிக்கப் பார்த்து வைத்திருக்கிறோம். ஒன்றில் முன் சக்கரத்தின் நடுவில் திருகுகிற குமிழ் இருக்கிறது. இன்னொன்றில் அது இல்லை. டிரைவர் பக்கத்தில் பட்டன் மட்டும்தான். எதை வாங்கலாம்?’ என்று சாக்கோட்டை ஒன்றியத்திலிருந்து ஒரு வாசகர் கேட்டிருக்கிறார். ‘டிராக்டரில் முன் அச்சு லீவர் சில நேரம் சிக்கிக்கொண்டு வர மாட்டேன் என்கிறது’ என்பது கல்லல் பக்கத்திலிருந்து வந்த இன்னொரு கேள்வி. இரண்டும் வேறு வேறு கேள்விகள் போலத் தெரிந்தாலும், பதில் ஒரே இடத்தில்தான் இருக்கிறது. முன் அச்சு எப்போது சேர வேண்டும், எப்போது விடுபட வேண்டும், எப்படி விடுபடுகிறது என்பது புரிந்துவிட்டால் இரண்டுக்கும் விடை கிடைத்துவிடும். புரியாமல் ஓட்டினால் டயரும் பல்சக்கரமும் சீக்கிரம் தேயும். அதைவிட மோசம், ஐப்பசி மழையில் கண்மாய்க்குள் வண்டி நிற்கும்போதுதான் முன் சக்கரம் சேரவில்லை என்பதே தெரிய வரும்.

ஏன் விடுவிக்க வேண்டும்?

களத்தில் பிணையல் ஓட்டியவர்களுக்கு இது எளிதில் விளங்கும். மாடுகள் வட்டம் சுற்றும்போது வெளிமாடு அதிக தூரம் நடக்கும், உள்மாடு குறைவாக நடக்கும். இரண்டையும் ஒரே அளவு நடக்கச் சொன்னால் பிணையல் திரும்பாது. வண்டி வளைவில் திரும்பும்போதும் அப்படித்தான். முன் சக்கரங்கள் பெரிய வட்டம் போடும். பின் சக்கரங்கள் சின்ன வட்டம் போடும். ஆகவே முன் அச்சு கொஞ்சம் வேகமாகச் சுற்றியாக வேண்டும்.

நம் ஊரில் ஓடும் பெரும்பாலான ஃபோர் வீல் பிக்கப்களில், நான்கு சக்கர இயக்கத்தைச் சேர்த்துவிட்டால் முன் அச்சும் பின் அச்சும் ஒன்றாகப் பூட்டிக்கொண்டு ஒரே வேகத்தில்தான் சுற்றும். சேற்றிலும் மணலிலும் சக்கரம் கொஞ்சம் வழுக்கி அந்த வித்தியாசத்தைச் சரிக்கட்டிவிடும். தார் ரோட்டிலும் சிமென்ட் ரோட்டிலும் சக்கரம் வழுக்காது. அதனால் உள்ளே இருக்கும் ஷாஃப்ட்களும் பல்சக்கரங்களும் முறுக்கிய கயிறு போல இறுகும். ஸ்டீயரிங் கனமாகும், திரும்பும்போது வண்டி வெட்டி வெட்டி இழுக்கும், டயர் தேயும். பல்சக்கரத்தின் ஆயுளும் குறையும்.

இரண்டு அச்சுக்கும் நடுவில் தனியாக ஒரு டிஃபரன்ஷியல் வைத்து, எந்நேரமும் நான்கு சக்கரமும் இழுக்கும்படி செய்த வண்டிகளும் உண்டு. அவற்றுக்கு இந்த விதி பொருந்தாது. உங்கள் வண்டி எந்த வகை என்பதைக் கையேட்டில் பார்த்து உறுதி செய்துகொள்ளுங்கள்.

லீவரை எடுத்துவிட்டால் போதுமா?

லீவரை 2 ஹெச்சுக்கு எடுத்துவிட்டால் இன்ஜின் விசை பின் அச்சுக்கு மட்டும் போகும். இறுக்கம் தீர்ந்துவிடும். ஆனாலும் முன் சக்கரம் ரோட்டில் உருள்கிறது அல்லவா? அது தன்னோடு ஆக்ஸில் ஷாஃப்ட், டிஃபரன்ஷியல், முன் ப்ரொபெல்லர் ஷாஃப்ட் எல்லாவற்றையும் சும்மா சுற்றிக்கொண்டே வரும். எள் போடாத செக்கை மாடு சுற்றுவது மாதிரி. வேலை ஒன்றும் நடக்காது. தேய்மானமும் சத்தமும் மட்டும் மிச்சம். இந்த வீண் சுற்றலை நிறுத்தத்தான் கையால் விடுவிக்கும் முறையும் தானாக விடுபடும் முறையும் வந்தன.

கையால் திருகும் ஹப்

இரண்டாம் உலகப் போர் முடிந்ததும் ராணுவ ஜீப்புகள் பொதுமக்கள் கைக்கு வந்தன. அமெரிக்காவில் ஆர்தர் வார்ன் என்பவர் 1948-ல் தொடங்கிய நிறுவனம், அந்த ஜீப்புகள் ரோட்டில் சுகமாக ஓடுவதற்காக இந்த ஹப் லாக்கைச் செய்து விற்றது. நம் நாட்டில் மஹிந்திரா நிறுவனம் வில்லிஸ் ஜீப்பைப் பொருத்தி விற்றது. இன்றைக்கும் பழைய ஜீப் வகை வண்டிகள் சிலவற்றில் முன் சக்கரத்தின் நடுவில் இந்தக் குமிழைப் பார்க்கலாம்.

குமிழை ‘ஃப்ரீ’ பக்கம் திருப்பினால், சக்கரத்துக்கும் ஆக்ஸில் ஷாஃப்டுக்கும் உள்ள பிணைப்பு விட்டுப்போகும். சக்கரம் மட்டும் உருளும். உள்ளே எல்லாம் சும்மா நிற்கும். ‘லாக்’ பக்கம் திருப்பினால் இரண்டும் சேரும்.

இதில் நல்லது என்னவென்றால், அமைப்பு எளிமையானது. சேர்ந்ததா இல்லையா என்பதைக் கண்ணால் பார்க்கலாம். கெட்டுப்போனால் ஊர்ப் பட்டறையிலேயே பிரித்துப் பார்க்க முடியும். சங்கடம் என்னவென்றால், ஒவ்வொரு முறையும் இறங்கி இரண்டு பக்கமும் திருக வேண்டும். சேற்றில் அச்சு வரை புதைந்த பிறகு குமிழைத் தேடுவது பெரும்பாடு.

மூன்று விஷயங்களை மறக்கக் கூடாது.

முதலாவது, இரண்டு ஹப்பும் ஒரே நிலையில் இருக்க வேண்டும். ஒன்று லாக், ஒன்று ஃப்ரீ என்றால் விசையெல்லாம் விடுபட்ட பக்கம் வீணாகச் சுற்றும். முன் சக்கரம் இழுக்காது.

இரண்டாவது, ஹப் ஃப்ரீயில் இருக்கும்போது 4 எல் போட்டுப் பாரம் இழுக்காதீர்கள். அந்தப் பெரிய விசை முழுவதும் பின் அச்சு ஒன்றின் மேலேயே விழும்.

மூன்றாவது, ஹப் லாக்கில் இருந்தாலும் லீவர் 2 ஹெச்சில் இருந்தால் தார் ரோட்டில் ஓட்டலாம், கெடுதல் இல்லை. எனவே மழைக்காலத்தில் வீட்டை விட்டுக் கிளம்பும்போதே ஹப்பை லாக் செய்துகொண்டு, மண் பாதை வந்ததும் லீவரை மட்டும் போடுவது நல்ல பழக்கம்.

தானாகச் சேரும் முறை

புதிய பிக்கப்களில் உள்ளிருந்தே பட்டனைத் திருகினால் போதும். 2016-ல் இந்தியாவில் வந்த இசுசு டி-மேக்ஸ் வி-க்ராஸ், 2022-ல் வந்த டொயோட்டா ஹைலக்ஸ் போன்றவை இந்த வகை. இதிலும் உள்ளுக்குள் வேறுபாடு உண்டு.

சில வண்டிகளில் காற்றை உறிஞ்சும் வேக்குவம் குழாய் வழியாக ஹப்பே தானாகப் பூட்டும். சில வண்டிகளில் ஹப் எப்போதும் சேர்ந்தே இருக்கும். அதற்குப் பதிலாக, முன் அச்சின் ஒரு பக்க ஷாஃப்டை நடுவில் துண்டித்து, வேக்குவம் அல்லது சிறு மோட்டார் மூலம் சேர்க்கவும் பிரிக்கவும் செய்வார்கள். இந்த முறையில் முன் ப்ரொபெல்லர் ஷாஃப்ட் நின்றுவிடும். ஆனால் ஆக்ஸில் ஷாஃப்ட்களும் டிஃபரன்ஷியலுக்குள் சின்னப் பல்சக்கரங்களும் சுற்றிக்கொண்டுதான் இருக்கும். பழைய சில வண்டிகளில் முன்னால் ஓட்டினால் சேர்ந்து, சிறிது தூரம் பின்னால் எடுத்தால் விடுபடும் ஹப்பும் உண்டு. சேற்றில் முன்னும் பின்னுமாக ஆட்டி வண்டியை வெளியே எடுக்கும்போது இந்த வகை நடுவே விட்டுவிட்டுப் போகலாம். கவனம் தேவை.

இறங்க வேண்டாம், நனைய வேண்டாம், வீட்டில் யார் ஓட்டினாலும் சுலபம். இவை தானாகச் சேரும் முறையின் நன்மைகள். ஆனால் ரப்பர் குழாய், ஒயர், மோட்டார் என்று கெட்டுப்போகும் இடங்கள் அதிகம். வைக்கோற்போர் பக்கத்தில் வண்டியை நிறுத்துபவர்கள் எலியை மறக்கக் கூடாது. அது ஒரு குழாயைக் கடித்துவிட்டால், பட்டனைத் திருகினாலும் முன் அச்சு சேராமல் போகும். டேஷ்போர்டில் ஃபோர் வீல் விளக்கு விட்டுவிட்டு எரிந்தால், சேரும் வேலை இன்னும் முடியவில்லை என்று பொருள். நிலையாக எரிந்த பிறகே சேற்றில் இறங்குங்கள்.

எந்த முறையானாலும், சிக்கும் முன்னே சேர்த்துவிட வேண்டும். பின் சக்கரம் வேகமாக வழுக்கிச் சுற்றும்போது சேர்த்தால் பல்சக்கரம் அடிபடும்.

டிராக்டர் லீவர் ஏன் சிக்குகிறது?

ஃபோர் வீல் டிராக்டரில் முன் சக்கரம் பின் சக்கரத்தைவிடச் சற்று வேகமாக, பொதுவாக 1 முதல் 5 சதவீதம் கூடுதலாக, சுற்றும்படிதான் வடிவமைத்திருப்பார்கள். உழவில் முன் அச்சும் சேர்ந்து இழுக்க வேண்டும் என்பதற்காக இந்த ஏற்பாடு. உழவு முடிந்து அப்படியே டிரெய்லரை மாட்டிக்கொண்டு தார் ரோட்டில் போனால், நேர் ரோட்டிலேயே முன் டயர் உரசிக்கொண்டு போகும். டயரின் கட்டைகள் சீக்கிரம் மழுங்கும். உள்ளே இறுகிய விசையால் லீவரும் வராது.

அப்போது லீவரைச் சுத்தியலால் அடிக்க வேண்டாம். உள்ளே இருக்கும் கவைதான் வளையும். டிராக்டரை நேராக நாலைந்து மீட்டர் பின்னால் எடுங்கள். அல்லது ரோட்டோர மண்ணில் சக்கரங்களை இறக்குங்கள். இறுக்கம் தளர்ந்து லீவர் தானே வந்துவிடும். பிக்கப்பிலும் இதே வைத்தியம்தான்.

டயர் மாற்றும்போது முன்னும் பின்னும் கம்பெனி சொன்ன அளவையே போடுங்கள். பிக்கப் என்றால் நான்கும் ஒரே அளவு, ஏறக்குறைய ஒரே தேய்மானம் இருக்க வேண்டும். புது டயர் இரண்டு, மொட்டை டயர் இரண்டு என்று ஓட்டினால் நேர் ரோட்டிலும் அச்சு இறுகும்.

நம் பகுதிக்கு எது பொருந்தும்?

காரைக்குடி, திருப்பத்தூர், தேவகோட்டை பக்கம் சரளை கலந்த செம்மண் நிறைய. மழை பெய்தாலும் தண்ணீர் சீக்கிரம் வடிந்துவிடும். அங்கே பின் சக்கர இயக்க பிக்கப்பே போதும். நல்ல டயரும் பின்னால் கொஞ்சம் பாரமும் இருந்தால் ஓடிவிடும். சிக்கல் எல்லாம் கண்மாய்ப் பாசனத்தில் உள்ள களிமண் வண்டிப்பாதை, வாரி, மணிமுத்தாறு, சருகணி ஆறு போன்ற ஆறுகளின் மணல் இவற்றில்தான். அதுவும் பெரும்பாலும் வடகிழக்குப் பருவமழை பெய்யும் அக்டோபர் முதல் டிசம்பர் வரை. மூன்று மாதத் தேவைக்காக ஆண்டு முழுவதும் கூடுதல் செலவு தாங்குமா என்பதை முதலில் கணக்குப் பாருங்கள். டீசல் பெரிதாக மிச்சமாகும் என்று யாராவது சொன்னால், அதை நம்பி வாங்க வேண்டாம். முன் அச்சை விடுவிப்பதில் உண்மையான லாபம் டயரும் பல்சக்கரமும்தான்.

தேவை என்று முடிவானால் என் பரிந்துரை இது. ஒரே ஆள் ஓட்டும் வண்டி, பக்கத்தில் தெரிந்த பட்டறை, பழைய வண்டி என்றால் கையால் திருகும் ஹப் நல்லது. குடும்பத்தில் பலர் ஓட்டுவார்கள், ஒரே நாளில் பலமுறை ரோட்டுக்கும் வயலுக்கும் மாற வேண்டும், சர்வீஸ் சென்டர் எட்டும் தூரத்தில் இருக்கிறது என்றால் தானாகச் சேரும் முறை நல்லது.

பழைய வண்டி வாங்கும் முன் சோதனை

1. குமிழ் விரலால் திரும்ப வேண்டும். குறடு வேண்டும் என்றால் உள்ளே துரு.

2. சமதரையில் கை பிரேக் போட்டு, மற்ற சக்கரங்களுக்குக் கட்டை வைத்து, லீவரை 2 ஹெச்சில் வைத்து, ஒரு முன் சக்கரத்தை ஜாக்கியால் தூக்குங்கள். ஹப் ஃப்ரீயில் இருக்கும்போது சக்கரத்தைச் சுற்றினால் பின்னாலுள்ள ஷாஃப்ட் சுற்றக் கூடாது. லாக்கில் சுற்ற வேண்டும். மறுபக்கமும் பாருங்கள். ஜாக்கியை மட்டும் நம்பி வண்டிக்கு அடியில் போகாதீர்கள்.

3. பட்டன் வண்டியை மணலுக்குக் கொண்டுபோய், ஃபோர் வீல் சேர்த்து மெதுவாகக் கிளப்பச் சொல்லுங்கள். பக்கவாட்டில் தள்ளி நின்று, முன் சக்கரமும் மணலைத் தள்ளுகிறதா என்று பாருங்கள்.

4. முன் டிஃபரன்ஷியல் ஆயிலைக் கொஞ்சம் எடுத்துப் பார்க்கச் சொல்லுங்கள். பால் போல வெளுத்திருந்தால் தண்ணீர் புகுந்திருக்கிறது.

வாசகர் கேள்விகள்

கோடை முழுவதும் ஃபோர் வீல் போடவே இல்லை. பரவாயில்லையா?

மாதம் ஒருமுறையாவது மண் பாதையில் சேர்த்து ஓட்டுங்கள். மாதம் 16 கி.மீ. ஓட்டச் சொல்கின்றன டொயோட்டா கையேடுகள். பல்சக்கரத்துக்கு ஆயில் ஏறும். பூட்டும் பாகங்கள் துருப்பிடித்து ஒட்டாது.

கலுங்குத் தண்ணீரில் வண்டி இறங்கிவிட்டது. என்ன செய்வது?

அன்றைக்கே ஹப், டிஃபரன்ஷியல் ஆயில் இரண்டையும் பார்த்துவிடுங்கள். வெளுத்திருந்தால் உடனே மாற்றுங்கள். தள்ளிப்போட்டால் பேரிங் போகும்.

தார் ரோட்டில் மழை பெய்கிறது. ஃபோர் வீல் போடலாமா?

தண்ணீர் மட்டும் ஓடும் தார் ரோடு என்றால் வேண்டாம். வேகத்தைக் குறைத்தால் போதும். ரோட்டின் மேல் சேறு படிந்து வழுக்கும் இடத்தில் மட்டும் சேர்த்து, அதைத் தாண்டியதும் விடுவித்துவிடுங்கள்.

புரட்டாசி முடிவதற்குள் உங்கள் வண்டியில் மேலே சொன்ன சோதனைகளைச் செய்து பார்த்துவிடுங்கள். ஹப் இறுகியிருந்தாலும் குழாய் கிழிந்திருந்தாலும், மழைக்கு முன்னால் என்றால் பட்டறையில் ஒரு நாள் வேலைதான்.