வைரஸ் வெளியேறிய பின்



கணினியில் புகுந்த வைரஸை மீட்புக் கருவியால் நீக்கிய பின்னரும் அச்சம் தீரவில்லை என்று லால்குடியில் என் பழைய மாணவர்கள் சிலர் கூறுவதுண்டு. அவ்வச்சம் வீணன்று.

மீட்புக் கருவி செய்வது யாது? கணினியிலுள்ள விண்டோஸை எழுப்பாமல், பென் டிரைவிலிருந்து தானே இயங்கி, வைரஸ் செயலற்றுக் கிடக்கும்போதே அதைத் தேடிப் பிடிக்கிறது. நல்ல உபாயந்தான். ஆயினும், பிடிபட்ட திருடன் அதற்குமுன் எதை வெளியே அனுப்பினான் என்பதை அது சொல்லாது.

கூடங்குளம் அணுமின் நிலையத்தில் நிகழ்ந்ததைப் பாருங்கள். அங்கு நிர்வாகப் பணிக்கென இணையத்தோடு இணைத்திருந்த கணினி ஒன்றில் வைரஸ் இருந்ததை, மைய அரசின் ‘செர்ட்-இன்’ அமைப்பு 2019 செப்டம்பர் 4 அன்று கண்டது. நிலையத்தை இயக்கும் அமைப்புகளுக்கு ஊறு நேரவில்லை என்று அணுமின் கழகம் அக்டோபர் 30இல் அறிவித்தது. வல்லுநர்கள் சுட்டிய ‘டிடிராக்’ என்னும் வைரஸ் ஒற்று வேலைக்கே உரியது. விசைப்பலகையில் தட்டும் எழுத்துகளைக் குறித்துக்கொள்ள வல்லது. அவ்வாறு சென்ற கடவுச்சொல், கணினியைக் கழுவியதால் திரும்பி வருமா?

ஆகவே, வேறொரு தூய கருவியிலிருந்து கடவுச்சொற்களை மாற்றவேண்டும். பலர் வங்கிக் கணக்கிற்கே முதலில் ஓடுகிறார்கள், மின்னஞ்சலே முந்தியது. பிற கணக்குகளின் கடவுச்சொற்களை அதன்வழியே மாற்றிவிடலாமன்றோ? அடுத்து, எல்லாக் கருவிகளிலும் திறந்துள்ள கணக்குகளை மூடவேண்டும். ஐயம் மிகின், ஆவணங்களையும் படங்களையும் மட்டும் எடுத்துக்கொண்டு, வட்டை அழித்து, விண்டோஸைப் புதிதாக நிறுவுவதே மேல். பணம் களவு போயிருப்பின், தாமதியாது 1930 என்னும் எண்ணிற்குத் தெரிவிக்கலாம்.