ஒன்றுக்கு மேற்பட்ட குதிரை வளர்ப்பு

ஒன்றுக்கு மேற்பட்ட குதிரை வளர்ப்பு என்பது, தனி ஒருவரோ ஒரு குடும்பமோ சவாரி, உழவு, போர், விளையாட்டு, இனப்பெருக்கம் முதலிய தேவைகளுக்காக இரண்டு அல்லது அதற்கு மேற்பட்ட குதிரைகளைத் தம் உடைமையாக வைத்திருக்கும் வழக்கத்தைக் குறிக்கும். குதிரை விலை மிகுந்த விலங்கு. அதனை வளர்ப்பதற்கு ஆகும் செலவும் அதிகம். ஆயினும் குதிரையைப் பயன்படுத்திய பெரும்பாலான சமூகங்களில், வசதி உள்ளவர்கள் ஒரே ஒரு குதிரையுடன் நின்றுவிடுவது அரிதாகவே இருந்துள்ளது. இதற்குச் செல்வச் செருக்கு மட்டுமே காரணம் அன்று. குதிரையின் உடல் வரம்பு, அதன் கூட்ட இயல்பு, வேலைகளின் வேறுபாடு, நோயாலும் விபத்தாலும் ஏற்படும் இழப்பு, அதன் நீண்ட ஆயுள் ஆகிய ஐந்தும் இவ்வழக்கத்தின் முதன்மைக் காரணங்களாகும்.

கூட்டமாக வாழும் இயல்பு

குதிரை இயற்கையில் கூட்டமாக வாழும் விலங்கு. கட்டற்றுத் திரியும் குதிரைகள் பொதுவாக ஓர் ஆண்குதிரை, சில பெண்குதிரைகள், அவற்றின் குட்டிகள் ஆகியவை அடங்கிய சிறு குழுக்களாக வாழ்கின்றன. புல்வெளியில் மேயும் விலங்குக்குப் பல கண்களும் பல காதுகளும் பாதுகாப்பாகும். ஒன்று எச்சரிக்கை அடைந்து தலையை உயர்த்தினால் மற்றவையும் ஓடத் தயாராகிவிடும்.

குதிரையின் உறக்கமும் இவ்வியல்புடன் தொடர்புடையது. கால்களிலுள்ள தசைநாண்கள், இணைப்பிழைகள் ஆகியவற்றின் சிறப்பான அமைப்பினால் குதிரை நின்றபடியே இலேசாக உறங்கவல்லது. ஆனால் ஆழ்ந்த கனவுறக்கத்திற்கு அது படுத்தாக வேண்டும். நாளொன்றுக்கு இவ்வுறக்கம் ஒரு மணி நேரத்திற்கும் குறைவாகவே தேவைப்படும். கூட்டத்தில் சில படுத்திருக்கும்போது வேறொன்று நின்று காவல் காப்பதுண்டு. பாதுகாப்பை உணராத குதிரை படுக்கத் தயங்குவதால் அதன் உறக்கம் குறையக்கூடும்.

இரு குதிரைகள் எதிரெதிராக நின்று ஒன்றன் பிடரியையும் தோள்மேட்டையும் மற்றொன்று பற்களால் கோதிவிடுவதை மேய்ச்சல் நிலங்களில் காணலாம். இவ்வாறு கோதும்போது குதிரையின் இதயத்துடிப்பு குறைவதை ஆய்வாளர்கள் அளந்து காட்டியுள்ளனர். தனியாக இலாயத்தில் அடைக்கப்பட்ட குதிரைகளில் சில, உடலை இடம் வலமாக ஓயாமல் ஆட்டுதல், மரச்சட்டத்தைப் பல்லால் கவ்விக் காற்றை விழுங்குதல், கொட்டிலைச் சுற்றிச் சுற்றி நடத்தல் போன்ற பழக்கங்களுக்கு உள்ளாகின்றன. தனிமையும், அடைபட்டிருத்தலும், மேய்வதற்குப் போதிய வாய்ப்பின்மையும் இவற்றின் காரணங்களாகக் கருதப்படுகின்றன.

இதனால் குதிரைக்குத் துணை அளிப்பது சில நாடுகளில் சட்டக் கடமையாகவே உள்ளது. சுவிட்சர்லாந்தின் 2008 ஆம் ஆண்டு விலங்குப் பாதுகாப்பு விதிகளின்படி, குதிரை தன் இனத்தைச் சேர்ந்த வேறொரு விலங்கைப் பார்க்கவும், கேட்கவும், மோப்பம் பிடிக்கவும் இயலும் வகையில் வைக்கப்பட வேண்டும். ஒரு குதிரையுடன் வளர்ப்பைத் தொடங்குவோர் விரைவில் இரண்டாவதை நாடுவதற்கு இது முக்கியக் காரணமாகும். இரண்டாவது குதிரைக்கு வசதியில்லாதோர் கழுதை, மட்டக்குதிரை அல்லது வெள்ளாட்டைத் துணையாக விடுவதுண்டு. பந்தயக் குதிரைகளின் கொட்டிலில் வெள்ளாடு கட்டும் வழக்கம் பழைமையானது.

களைப்பும் மாற்றுக் குதிரையும்

குதிரை விரைந்து ஓடும்போது தசைகளில் சேமிக்கப்பட்ட கிளைக்கோசன் என்னும் மாச்சத்து எரிகிறது. கடும் உழைப்பிற்குப் பின் மனிதரில் ஏறத்தாழ ஒரு நாளில் மீளும் இச்சேமிப்பு, குதிரையில் மீள்வதற்கு இரண்டு முதல் மூன்று நாட்கள் ஆகக்கூடும். எனவே நாள்தோறும் நெடுந்தொலைவு செல்ல விரும்பும் ஒருவருக்கு ஒரு குதிரை போதாது. களைத்ததை ஓயவிட்டு வேறொன்றில் ஏறுவதற்காக உடன் கொண்டு செல்லப்படும் குதிரை மாற்றுக் குதிரை எனப்படும்.

மங்கோலியர் இம்முறையை மிகப் பெரிய அளவில் கையாண்டனர். 13 ஆம் நூற்றாண்டு மங்கோலியப் படைவீரன் ஒவ்வொருவனும் பொதுவாக மூன்று முதல் ஐந்து குதிரைகளுடன் சென்றான் என வரலாற்றாளர் கருதுகின்றனர். மார்க்கோ போலோ இன்னும் கூடுதலாக, ஆளுக்குப் பதினெட்டு எனக் கூறுகிறார். 1245 முதல் 1247 வரை மங்கோலியப் பேரரசுக்குப் பயணம் செய்த இத்தாலியத் துறவி கார்ப்பினி, ஒரு நாள் சவாரி செய்த குதிரையில் மங்கோலியர் அடுத்த மூன்று அல்லது நான்கு நாட்களுக்கு ஏறுவதில்லை எனக் குறித்துள்ளார். அவர்களது படை வேகத்தின் ஒரு பகுதி இந்த ஓய்வு முறையிலேயே அடங்கியிருந்தது.

அரசாங்கத் தூதுப் போக்குவரத்திலும் இதே கோட்பாடு பயன்பட்டது. ஒகோடி கான் காலத்தில் முறைப்படுத்தப்பட்ட யாம் என்னும் அஞ்சல் நிலையங்களில் தூதருக்காகப் புதிய குதிரைகள் காத்திருந்தன. ஐக்கிய அமெரிக்காவில் 1860 ஏப்ரல் முதல் 1861 அக்டோபர் வரை இயங்கிய போனி எக்சுபிரசு என்னும் குதிரை அஞ்சல், மிசூரி மாநிலத்தின் செயின்ட் சோசப்பு நகரிலிருந்து கலிபோர்னியாவின் சாக்ரமென்டோ வரை 3,000 கிலோமீட்டர் தொலைவை ஏறத்தாழப் பத்து நாட்களில் கடந்தது. இதற்குச் சுமார் 400 குதிரைகள் தேவைப்பட்டன. 15 முதல் 25 கிலோமீட்டருக்கு ஒருமுறை குதிரை மாற்றப்பட்டது. கண்டத்தைக் கடக்கும் தந்திக் கம்பி இணைக்கப்பட்டவுடன் இச்சேவை முடிவுக்கு வந்தது.

வேலைக்கு ஒரு குதிரை

எல்லாக் குதிரைகளும் எல்லா வேலைகளுக்கும் ஏற்றவை அல்ல. உடலமைப்பு, நடை, மனநிலை, பயிற்சி ஆகியவற்றால் அவை வேறுபடுகின்றன. இடைக்கால ஐரோப்பிய வீரப்பெருமகன் ஒருவன், போர்க்களத்திற்கென வலிய ஆண்குதிரை ஒன்றையும், பயணத்திற்கு மென்னடைக் குதிரை ஒன்றையும், கவசமும் பொருள்களும் சுமக்கப் பொதிக்குதிரை ஒன்றையும் வைத்திருந்தான். அவனுடைய பணியாளருக்கு வேறு குதிரைகள் இருந்தன. விலையுயர்ந்த போர்க்குதிரையை வழிப்பயணத்தில் களைக்கவிடாமல் காப்பதே இப்பிரிவினையின் நோக்கமாகும்.

19 ஆம் நூற்றாண்டில் அமெரிக்க மேற்குப் பகுதியின் மாடு மேய்ப்போருக்கு ஆளுக்கு ஆறு முதல் பத்துக் குதிரைகள் ஒதுக்கப்பட்டன. மந்தையிலிருந்து ஒரு மாட்டைப் பிரித்தெடுப்பதில் தேர்ந்தது ஒன்று. சுருக்குக் கயிறு வீசும்போது அசையாமல் இழுத்து நிற்பது மற்றொன்று. இருளில் தடுமாறாமல் நடந்து இரவுக் காவலுக்கு உதவுவது வேறொன்று.

உழவிலும் வண்டியிலும் குதிரைகள் சோடியாகவே பெரிதும் பூட்டப்பட்டன. இங்கிலாந்தில் ஓர் உழவர் இரு குதிரைகளுடன் ஒரு நாளில் உழக்கூடிய நிலம் ஏறத்தாழ ஓர் ஏக்கர் என மதிப்பிடப்பட்டது. உயரமும் நடையும் ஒத்த சோடி கிடைப்பது எளிதன்று. சோடியில் ஒன்று இறந்தால் மற்றொன்றின் பயனும் குறைந்துவிடும் என்பதால், பண்ணையாளர்கள் கூடுதல் குதிரை ஒன்றை வளர்த்து வந்தனர்.

போலோ விளையாட்டு

இன்றைய விளையாட்டுகளில் ஒருவருக்குப் பல குதிரைகள் கட்டாயமாகத் தேவைப்படும் விளையாட்டு போலோ ஆகும். மணிப்பூரின் சகோல் காங்சே என்னும் ஆட்டத்திலிருந்து இதன் தற்கால வடிவம் தோன்றியது. ஆட்டம் ஏழு நிமிடம் கொண்ட பகுதிகளாகப் பிரிக்கப்படும். சக்கர் என அழைக்கப்படும் இப்பகுதிகள் ஓர் ஆட்டத்தில் நான்கு முதல் ஆறு வரை, சில போட்டிகளில் எட்டு வரை அமையும். குதிரை முழு வேகத்தில் ஓடித் திடீரென நின்று திரும்ப வேண்டியிருப்பதால், ஒரே குதிரை அடுத்தடுத்த இரு பகுதிகளில் பொதுவாக இறக்கப்படுவதில்லை. ஆகவே தேர்ந்த ஆட்டக்காரர் ஒருவர் ஒரே போட்டிக்குப் பல குதிரைகளைக் கொண்டு வருவார்.

ஒத்த திறமையுள்ள பல குதிரைகளைப் பெறும் முயற்சி இவ்விளையாட்டைப் படியெடுப்புத் தொழில்நுட்பம் வரை கொண்டு சென்றுள்ளது. 2016 ஆம் ஆண்டு அர்கெந்தீன ஓப்பன் போட்டியின் இறுதி ஆட்டத்தில் அடோல்போ காம்பியாசோ, குவார்தெதேரா என்னும் தம் புகழ்பெற்ற பெண்குதிரையின் ஆறு படிகளில் ஏறி விளையாடினார். அவரது லா டொல்பினா அணி அவ்வாட்டத்தில் வென்றது.

இழப்பும் காப்பீடும்

குதிரை வலிமையானதாகத் தோன்றினும் எளிதில் முடங்கக்கூடியது. முன்னங்காலின் மடக்குத் தசைநாண் கிழிந்தால் அது ஆறுவதற்கு ஓராண்டு வரை ஆகக்கூடும். குதிரையால் வாந்தி எடுக்க இயலாது. கடுமையான வயிற்றுவலி நோய் சில மணி நேரத்தில் அதன் உயிரைப் பறிக்கலாம். குதிரையை நம்பித் தொழில் செய்பவருக்கு இரண்டாவது குதிரை ஒரு காப்பீடு போன்றது.

மங்கோலிய மேய்ப்பருக்கு இக்காப்பீடு வாழ்வா சாவா என்னும் வினாவாகும். சூது எனப்படும் கொடுங்குளிர்ப் பருவத்தில் புல் பனிக்கடியில் மறைந்து கால்நடைகள் பட்டினியால் இறக்கின்றன. 2009-10 குளிர்காலத்தில் அந்நாட்டில் 80 இலட்சத்துக்கும் மேற்பட்ட கால்நடைகள் மடிந்தன. சிறு மந்தை வைத்திருந்த குடும்பங்கள் பல, மேய்ச்சல் வாழ்வையே கைவிட்டு நகரத்திற்குக் குடிபெயர்ந்தன. சவாரிக்கு விதையடிக்கப்பட்ட ஆண்குதிரைகளையும், புளித்த பானமாகிய ஐராக்கு செய்வதற்குப் பால் தரும் பெண்குதிரைகளையும் இம்மக்கள் வளர்க்கின்றனர். ஒரு பெண்குதிரை ஒரு கறவையில் தரும் பால் சிறிதளவே ஆகையால் பல பெண்குதிரைகள் வேண்டியுள்ளன. 2023 இல் மங்கோலியாவின் குதிரைகளின் எண்ணிக்கை 40 இலட்சத்தைத் தாண்டி, மக்கள்தொகையைவிட மிகுந்திருந்தது.

தென்னிந்தியாவில் குதிரை இறக்குமதி

தென்னிந்திய அரசர்கள் ஆண்டுதோறும் பெருந்தொகையாகக் குதிரை வாங்கியதற்கும் இழப்பே முக்கியக் காரணமாக இருந்தது. கடல் வழியாகக் குதிரைகள் காவிரிப்பூம்பட்டினத்தில் வந்திறங்கியதைப் பட்டினப்பாலை குறிப்பிடுகிறது. பாண்டியர் காலத்தில் இவ்வணிகம் மேலும் வளர்ந்தது. மாபார் எனப்பட்ட தமிழகக் கடற்கரைக்கு ஆண்டுக்குப் பத்தாயிரம் குதிரைகள் வந்ததாகவும், ஒவ்வொன்றின் விலை 220 செம்பொன் தினார் என்றும் பாரசீக வரலாற்றாசிரியர் வசாப் எழுதியுள்ளார். பாண்டிய நாட்டு அரசர் ஒவ்வொருவரும் ஆண்டுக்கு இரண்டாயிரத்துக்கும் மேற்பட்ட குதிரைகளை வாங்கியதாகவும், ஆண்டு முடிவில் நூறு கூட எஞ்சவில்லை என்றும் மார்க்கோ போலோ கூறுகிறார். சரியான பராமரிப்பு அறியாமையும், குதிரை மருத்துவம் தெரிந்தோர் இங்கு வராதபடி வணிகர்கள் தடுத்ததும் இதற்குக் காரணம் என்பது அவர் கருத்து. இவ்வெண்கள் மிகைப்படுத்தப்பட்டிருக்கலாம் எனினும், குதிரைகள் விரைவில் இறந்தன என்பதும் அவ்விழப்பு வணிகருக்கு ஆதாயமாயிற்று என்பதும் இக்குறிப்புகளால் விளங்குகின்றன.

விசயநகர அரசர் சாளுவ நரசிம்மர், குதிரைகளை உயிருடன் இருந்தாலும் இறந்திருந்தாலும் விலை கொடுத்து வாங்கினார் எனப் போர்த்துக்கீசர் பெர்னாவோ நூனிசு எழுதியுள்ளார். கடலில் இறந்த குதிரைக்கு அதன் வாலைக் கொண்டுவந்து காட்டினால் போதும், உயிருள்ள குதிரைக்குரிய பணம் கிடைத்தது. வணிகர் தம் துறைமுகத்தைவிட்டு வேறிடம் சென்றுவிடாமல் இருக்க அரசு மேற்கொண்ட ஏற்பாடாக இதனைக் கொள்ளலாம்.

வயதும் ஓய்வும்

குதிரை 25 முதல் 30 ஆண்டுகள் வரை வாழக்கூடியது. ஆனால் கடும் வேலை செய்யக்கூடிய காலம் இதனினும் குறைவு. பிறந்த குட்டி சவாரிக்குப் பழக்கப்படுத்தப்பட மூன்று அல்லது நான்கு ஆண்டுகள் ஆகும். பெண்குதிரையின் கருக்காலம் ஏறத்தாழ 11 மாதங்கள். கருவுற்ற பிற்பகுதியிலும் குட்டிக்குப் பாலூட்டும் மாதங்களிலும் அது வேலையிலிருந்து விலக்கப்படும். இதனால் முதியது ஒன்று ஓய்வுபெறும்போது இளையது ஒன்று பயிற்சியில் இருக்க வேண்டியுள்ளது.

முதிய குதிரையை என்ன செய்வது என்பது உரிமையாளர்கள் எதிர்கொள்ளும் கடினமான வினா. விற்றால் பல நாடுகளில் அது இறைச்சிக்கூடத்தைச் சென்றடையக்கூடும். விற்க மனமில்லாதவர், பல ஆண்டுகள் சுமந்த விலங்கை மேய்ச்சலில் விட்டுவிட்டுச் சவாரிக்கு வேறொன்றை வாங்குகிறார். தாமே திட்டமிடாமல் இரு குதிரைகளுக்கு உரிமையாளர் ஆனவர்களுள் இத்தகையோர் பலர்.

செலவும் சிக்கல்களும்

500 கிலோகிராம் எடையுள்ள குதிரைக்கு நாள்தோறும் 8 முதல் 10 கிலோகிராம் உலர்புல்லும், 25 முதல் 45 லிட்டர் வரை தண்ணீரும் தேவை. ஆறு முதல் எட்டு வாரங்களுக்கு ஒருமுறை குளம்பு சீவப்பட வேண்டும். கொட்டில், வேலி போன்றவற்றை இரு குதிரைகள் பகிர்ந்துகொள்ளலாம். தீவனம், இலாடம், மருத்துவம் ஆகிய செலவுகள் இரட்டிக்கும்.

இரண்டே குதிரைகள் சேர்ந்து வளர்ந்தால் அவை ஒன்றைவிட்டு ஒன்று பிரிய மறுப்பதுண்டு. ஒன்றைச் சவாரிக்கு அழைத்துச் சென்றால் மற்றொன்று கனைத்து வேலியோரம் ஓடும். ஒன்று இறந்தால் எஞ்சியது மீண்டும் தனிமைக்கு உள்ளாகும். இதன்பொருட்டு மூன்றாவதை வாங்குவோரும் உளர். எனினும் வருவாய்க்கு மீறிய எண்ணிக்கை விலங்குகளுக்கே கேடாக முடியும். 2008 பொருளாதார நெருக்கடிக்குப் பின் அயர்லாந்தில், செழிப்பான ஆண்டுகளில் வாங்கிப் பெருக்கிய குதிரைகள் பல, தீவனத்திற்கு வழியின்றிப் பொது நிலங்களில் கைவிடப்பட்டன. துணைக்கென இரண்டாவதை வாங்குபவர், இரண்டையும் அவற்றின் முதுமை வரை பேண இயலுமா என முன்னரே கணக்கிடுதல் இன்றியமையாதது.

இவற்றையும் பார்க்கவும்

குதிரை
போலோ
போனி எக்சுபிரசு
மங்கோலியப் பேரரசு
பட்டினப்பாலை
விசயநகரப் பேரரசு