பெரிய மீன் தொட்டிக்கு ஏற்ற வெப்பமூட்டும் கருவிகள்

சனவரி மாதத்தில் தில்லியின் இரவு வெப்பநிலை சராசரியாக ஏழு அல்லது எட்டு பாகை செண்டிகிரேடு அளவிற்கு இறங்கிவிடுகிறது. சூடாக்கப்படாத பள்ளி அறையொன்றின் உள்ளே அது 12 பாகையாக இருக்கக்கூடும். அவ்வறையிலுள்ள தொட்டியில் வாழும் ஏஞ்சல் மீன்களின் தாயகமோ அமெசான் ஆற்றுப்படுகையாகும். அவற்றிற்கு 24 முதல் 28 பாகை வரை வெப்பமுள்ள நீர் வேண்டும். டிஸ்கஸ் மீனுக்கு இதனினும் சற்று மிகுதியாக, 28 முதல் 30 பாகை வரை தேவைப்படும். சென்னையிலும் மும்பையிலும் பெரும்பாலும் எழாத இச்சிக்கல், தில்லி, சண்டிகர், இலக்னோ, ஷில்லாங் போன்ற இடங்களில் உள்ள ஆசிரியர்களுக்கும் மீன்வளத் துறைக் களப்பணியாளர்களுக்கும் ஆண்டுதோறும் எழுகின்றது.

மீனின் உடல் வெப்பம் அது வாழும் நீரின் வெப்பத்தையே பின்பற்றுவது. நீர் குளிர்ந்தால் வெப்பமண்டல மீன் இரை எடுப்பதைக் குறைக்கிறது; உண்டதும் செரிப்பதில்லை; நோயை எதிர்க்கும் ஆற்றலும் தளர்கிறது. குளிர் தாக்கிய சில நாட்களில் உடலெங்கும் உப்பைத் தூவினாற்போல் வெண்புள்ளி நோய் தோன்றுவது இதனாலேயே. அளவிற்கு மீறிய வெப்பமும் தீங்கானது. 15 பாகை வெப்பமுள்ள நன்னீர் லிட்டருக்குப் பத்து மில்லிகிராம் ஆக்சிஜனைக் கரைத்து வைத்திருக்கும். 30 பாகையில் அது ஏழரை மில்லிகிராம் அளவிற்குக் குறைந்துவிடுகிறது. அதே வேளையில் மீனுக்கு வேண்டிய ஆக்சிஜனோ கூடுகிறது.

எல்லா மீன்களுக்கும் இக்கருவி வேண்டுமென்பதில்லை. தங்கமீனுக்கு அது தேவையே இல்லை. கங்கை, பிரமபுத்திரா சமவெளிகளின் நீர்நிலைகளில் இயல்பாக வாழும் ஜீப்ரா மீன் பரந்த வெப்பநிலை வேறுபாட்டைத் தாங்கிக்கொள்ளும். எனினும் ஆய்வுக்கூடங்களில் அதற்கு 28.5 பாகை என்ற அளவைக் கடைப்பிடிக்கிறார்கள். அந்த வெப்பநிலையில் கருமுட்டைகள் பெரும்பாலும் மூன்றாம் நாளில் பொரிக்கின்றன. நீர் குளிர்ந்தால் வளர்ச்சி தாமதமாகி, ஒரு நாளின் கருவை மற்றொரு நாளின் கருவுடன் ஒப்பிட இயலாமற் போகும். ஆகவே தொட்டியில் எவ்வின மீன், எந்நோக்கத்திற்காக வளர்க்கப்படுகிறது என்பதை முதலில் முடிவு செய்தல் வேண்டும்.

கருவியின் திறனைக் கணிக்க லிட்டருக்கு ஒரு வாட்டு என்ற வாய்பாடு வழக்கில் உள்ளது. ஐம்பது லிட்டர் தொட்டிக்கு இது ஓரளவு பொருந்தும். பெரிய தொட்டிக்குப் பொருந்தாது. வெப்பம் வெளியேறுவது தொட்டியின் புறப்பரப்பின் வழியாகவே. தொட்டி பெரிதாகுந்தோறும் நீரின் கன அளவு கூடுகின்ற அளவிற்குப் புறப்பரப்பு கூடுவதில்லை. மேலும், கண்ணாடியின் தடிப்பு, மேல்மூடி, அறையின் குளிர் ஆகியவற்றை இவ்வாய்பாடு கருத்திற் கொள்வதே இல்லை. இதனை நம்பித் தேவைக்கு மேல் இருமடங்கு திறனுள்ள கருவியை வாங்கிப் பொருத்திய தொட்டிகளுக்கே கேடு மிகுதி. அதன் காரணம் பின்னர் விளங்கும்.

சரியான வழி அளந்து பார்ப்பதே. தொட்டியில் மீன்களை விடுவதற்கு முன், நீரை 26 பாகைக்குச் சூடாக்கி, வெப்பமூட்டியை நிறுத்திவிட வேண்டும். நீரைச் சுழற்றும் பம்பு ஓடிக்கொண்டே இருக்கட்டும். பத்தில் ஒரு பாகையைக் காட்டும் வெப்பமானியைக் கொண்டு மூன்று மணி நேரத்தில் எவ்வளவு வெப்பநிலை குறைந்தது என்பதைக் குறித்துக்கொள்ளல் வேண்டும். ஒரு லிட்டர் நீர் ஒரு மணி நேரத்தில் ஒரு பாகை குளிர்ந்தால் அது இழந்த வெப்பம் 1.16 வாட்டுக்குச் சமம். எனவே லிட்டர் அளவையும், மணிக்குக் குறைந்த பாகையையும், 1.16 என்ற எண்ணையும் பெருக்கினால் அத்தொட்டி இழக்கும் வெப்பம் வாட்டுக் கணக்கில் கிடைத்துவிடும். குளிர் மிகுந்த இரவில் செய்வதே இச்சோதனைக்கு உகந்தது. எட்டாம் வகுப்பு மாணவரும் இக்கணக்கைச் செய்யலாம்.

எடுத்துக்காட்டாக, 2 மீட்டர் நீளமும் 60 செண்டிமீட்டர் அகலமும் உடைய தொட்டியில் 60 செண்டிமீட்டர் உயரத்திற்கு நீர் நிற்கிறது என்று கொள்ளலாம். நீரின் அளவு 720 லிட்டர். அறை 12 பாகையில் இருக்க, மூன்று மணி நேரத்தில் 1.4 பாகை குறைந்ததாயின், இழப்பு ஏறத்தாழ 390 வாட்டாகும். பின்புறக் கண்ணாடியிலும் இரு பக்கங்களிலும் அடியிலும் ஓர் அங்குலத் தெர்மோகோல் பலகையைப் பதித்தபின் அதே சோதனையில் 0.9 பாகை மட்டுமே குறைந்ததாயின், இழப்பு ஏறத்தாழ 250 வாட்டாகிவிடும். நாளொன்றுக்கு மூன்று யூனிட்டுக்கு மேல் மின்சாரம் மிச்சம். குளிர்காலம் இரண்டு மாதம் என்றாலும் இருநூறு யூனிட்டு எனலாம். தெர்மோகோல் பலகையின் விலையோ அதற்கு முன் சிறிது. மேல்மூடியும் இவ்வாறே இன்றியமையாதது. ஒரு லிட்டர் நீர் ஆவியாவதற்கு ஏறத்தாழ 0.68 யூனிட்டு வெப்பம் செலவாகின்றது. மூடியில்லாத தொட்டி நாளொன்றுக்கு நான்கு லிட்டர் நீரை இழந்தால், 2.7 யூனிட்டு வெப்பம் காற்றோடு போய்விடுகிறது. கருவி வாங்குமுன் மூடியும் தெர்மோகோலும் வாங்குதல் நன்று.

இனி, 250 வாட்டு தேவைப்படும் தொட்டிக்கு 250 வாட்டுக் கருவி போதுமா என்னும் வினா எழும். போதாது. நகரின் ஓரங்களிலும் சிற்றூர்களிலும் குளிர்கால மாலையில் மின் அழுத்தம் 230 வோல்ட்டிலிருந்து 180 வோல்ட்டாகக் குறைவதுண்டு. வெப்பமூட்டியின் திறன் மின் அழுத்தத்தின் இருமடிக்கு ஏற்பக் குறைவதால், நூறு வாட்டுக் கருவி அப்போது 61 வாட்டே தரும். குளிர் மிகும் நேரமும் அழுத்தம் குறையும் நேரமும் ஒன்றாகவே வருவது இதில் உள்ள துன்பம். ஆகையால் மொத்தத் திறன் 450 வாட்டு அளவில் இருத்தல் வேண்டும். 180 வோல்ட்டில் அது 275 வாட்டு தரும்.

ஆனால் அந்த 450 வாட்டை ஒரே கருவியாக வாங்கலாகாது. கண்ணாடிக் குழாய் வெப்பமூட்டிகளில் நீரின் வெப்பத்தை உணர்ந்து மின்சாரத்தை நிறுத்தவும் விடவும் செய்யும் தெர்மாஸ்டாட் உள்ளது. அதன் தொடுமுனைகள் நாளடைவில் பொறிபட்டு ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்வதுண்டு. அப்போது கருவி நிற்காமல் எரிந்துகொண்டே இருக்கும். மேற்கண்ட தொட்டி, அறையைவிட ஒவ்வொரு பாகை மிகுதிக்கும் 18 வாட்டு வீதம் வெப்பத்தை இழப்பது. நிற்காமல் எரியும் 500 வாட்டுக் கருவியொன்று அதன் நீரை அறை வெப்பத்தைவிட 28 பாகை உயர்த்திவிட வல்லது. அறை 20 பாகையில் இருக்கும் இளங்குளிர் நாளொன்றில், சனிக்கிழமை மாலை இப்பழுது நேர்ந்தால், திங்கட்கிழமை காலை ஆசிரியர் பள்ளிக்கு வரும்போது நீர் 38 பாகையைத் தாண்டியிருக்கும். உயிருள்ள மீன் அதில் இராது.

அதே 450 வாட்டை 150 வாட்டுக் கருவிகள் மூன்றாகப் பிரித்தால் நிலைமை வேறு. ஒன்று ஒட்டிக்கொண்டு எரிந்தாலும் அது மட்டும் நீரை அறையைவிட எட்டுப் பாகையே உயர்த்தும். 20 பாகை அறையில் நீர் 28 பாகையோடு நின்றுவிடும். மற்ற இரண்டும் தாமே அணைந்திருக்கும். ஒன்று எரியாமல் நின்றுபோனாலோ, எஞ்சிய இரண்டும் 300 வாட்டு தந்து, மின் அழுத்தம் சரியாக உள்ளவரை தொட்டியைக் காக்கும். இரு பழுதுகளுக்கும் ஒருசேரக் காப்பளிப்பது இம்முறையே. இதற்கு மேலும் காப்பு வேண்டுவோர், தனி வெப்பநிலைக் கட்டுப்படுத்தி ஒன்றை வாங்கி, 28 பாகையில் மின்சாரத்தைத் துண்டிக்குமாறு அமைத்து, மூன்று கருவிகளுக்கும் முன்னால் இணைக்கலாம்.

கருவியின் வகையைப் பொறுத்தவரை, கண்ணாடிக் குழாய்க் கருவி மலிவானது, எங்கும் கிடைப்பது. பெரிய ஆமைகளோ முரட்டு மீன்களோ உள்ள தொட்டியில் அது உடையக்கூடும். அங்கே டைட்டானியம் உறையுள்ளதே தக்கது. கடல் நீர்த் தொட்டிக்கும் அதுவே. வடிகட்டியின் வெளிக்குழாயில் பொருத்தும் வகை, கருவி கண்ணில் படாமலிருக்க விரும்புவோருக்கு ஏற்றது. பல தொட்டிகளை ஓர் அறையில் வைத்திருப்பவர்கள் அறையையே சூடாக்குவது சிக்கனமாகும். குளியல் நீரைச் சூடாக்கும் கம்பியை மட்டும் எக்காரணம் கொண்டும் தொட்டியில் இடலாகாது. அதன் திறன் ஆயிரம் வாட்டுக்கும் மேற்பட்டது. தெர்மாஸ்டாட் பெரும்பாலும் இருப்பதில்லை. பலவற்றின் உறை நிக்கல் பூசிய செம்பாலானது. பூச்சு உரிந்தால் செம்பு நீரிற் கரைந்து இறாலையும் நத்தையையும் கொன்றுவிடும், மீனுக்கும் நஞ்சாகும்.

கருவிகளை நீரோட்டம் உள்ள இடத்தில், நீர்மட்டம் தாழ்ந்தாலும் வெளியே தெரியாதவாறு அடிப்பகுதியில் பொருத்தல் வேண்டும். வெப்பமானி அவற்றிற்கு எதிர்க்கோடியில் இருத்தல் நலம். அருகில் வைத்த வெப்பமானி பொய் சொல்லும். தெர்மாஸ்டாட்டின் மேலுள்ள எண்ணை முழுதும் நம்பாமல் வெப்பமானியைப் பார்த்தே திருத்திக்கொள்ளுதல் வேண்டும். 14 பாகையில் உள்ள புது நீர் 26 பாகைக்கு வர ஒன்றரை நாள் ஆகலாம். அதன் பிறகே மீன்களை விடல் தகும்.

நீரும் மின்சாரமும் சேரும் இடத்தில், குறிப்பாகச் சிறுவர்கள் கைவிடும் தொட்டியில், 30 மில்லி ஆம்பியர் மின்கசிவை உணர்ந்து இணைப்பைத் துண்டிக்கும் கருவியைக் கட்டாயம் பொருத்தல் வேண்டும். கம்பி, செருகுதுளைக்குக் கீழே தொங்கி வளைந்து பின் மேலேறுமாறு அமைத்தால், வழியும் நீர் செருகுதுளைக்குள் இறங்காது. தொட்டியினுள் கைவிடுமுன் மின்செருகியை எடுத்துவிட வேண்டும். நீரை இறைப்பதற்குக் கால் மணி நேரம் முன்பே கருவியை நிறுத்தாவிடில், சூடான கண்ணாடி காற்றுப் பட்டு வெடிக்கும்.

மின்தடை நேர்ந்தால் பெரிய தொட்டியைப் பற்றிப் பதற வேண்டுவதில்லை. மேற்கூறிய தொட்டி ஐந்து மணி நேரத்தில் ஒன்றரைப் பாகையே குளிரும். அதற்குள் ஒரு கம்பளியால் அதைப் போர்த்திவிட்டால் இன்னும் மெதுவாகவே குளிரும். வெப்பத்தைவிட அப்போது முதலில் குறைவது ஆக்சிஜனே. ஆதலால் மின்கலத்தால் இயங்கும் காற்றுப் பம்பு ஒன்றை வைத்திருத்தல் நன்று. மார்ச்சு மாதம் பிறந்து அறை வெப்பநிலை 25 பாகையைக் கடந்ததும் கருவிகளை எடுத்து, மேற்படிந்துள்ள உப்புப் படலத்தை நீர்கலந்த வினிகரில் ஊறவைத்து நீக்கி, நன்கு கழுவி உலர்த்தி வைக்கலாம். கண்ணாடியில் கீறலோ உட்புறத்தில் ஈரப்பதமோ காணப்படுமானால் அக்கருவியை அடுத்த குளிர்காலத்திற்கென எடுத்துவைத்தல் ஆகாது.