பைக் ஆயில் பில்ட்டர்: கழட்டுறது சுலபம், மாட்டின பிறகு என்ன பார்க்கணும்?

செயின் லூப் பத்திப் பேசின எபிசோடுக்கு அப்புறம் நிறைய பேர் கேட்டிருந்த கேள்வி இதுதான்: "ஆயில் பில்ட்டரை வீட்லயே மாத்தலாமா?" தாராளமா மாத்தலாம். ஆனா கழட்டும்போது காட்டுற கவனத்தை விட மாட்டும்போது ரெண்டு மடங்கு கவனம் வேணும். அது ஏன்னு முதல்ல சொல்லிடறேன்.

கார்ல ஆயில் ஒழுகினா தரையில கறை. பைக்ல அப்படி இல்லீங்க. இன்ஜின் பின் டயருக்கு நேர் முன்னாடி உட்கார்ந்திருக்கு. பில்ட்டர் கவர் கசிஞ்சா ஆயில் கீழ இறங்கி, ஓடுற காத்துல பின்னாடி போயி டயர்ல படியும். நேரா போற வரைக்கும் ஒண்ணும் தெரியாது. வளைவுல சாயும்போதுதான் தெரியும். கொடுமுடியில இருந்து ஈரோடு போற ரோட்டுல, முன்னாடி கரும்பு லோடு வண்டி, எதிர்ல பஸ்னு இருக்கும்போது டயர் வழுக்கினா என்ன ஆகும்னு நான் சொல்லத் தேவையில்ல.

நான் மிகைப்படுத்துறேன்னு நினைச்சா ரேஸ் விதிகளைப் பாருங்க. நம்ம கோயமுத்தூர் பக்கம் செட்டிபாளையத்துல கரி மோட்டார் ஸ்பீட்வே இருக்கு, ரேஸ் பார்க்கப் போயிருப்பீங்க. சர்வதேச அளவுல பைக் ரேஸை நடத்துற எஃப்.ஐ.எம் அமைப்போட ரோட் ரேஸ் விதிப்படி, ஆயில் டிரெயின் போல்ட்டும் வெளிப்பக்க ஆயில் பில்ட்டரும் கழண்டு வராதபடி கம்பி போட்டுக் கட்டியிருக்கணும். இன்ஜின் உடைஞ்சாலும் ஆயில் டிராக்ல கொட்டாம பிடிச்சுக்கிற மாதிரி கீழ் ஃபேரிங்கும் இருக்கணும். பெரிய கம்பெனிக்கும் இது விளையாட்டு இல்ல. 2017-ல ஹார்லி டேவிட்சன் உலகம் முழுக்க சுமார் 57,000 பைக்குகளைத் திரும்ப அழைச்சுது. காரணம், ஆயில் கூலர் குழாயில ஒரு கிளாம்ப். அது சரியா மாட்டலைன்னா குழாய் கழண்டு பின் டயர் பாதையில ஆயில் கொட்டலாம்.

சரி, உங்க வண்டில பில்ட்டர் இருக்கா? சிரிக்காதீங்க, நிஜமாவே கேட்கிறேன். ஊர்ல பாதிப் பேர் வச்சிருக்கிற ஸ்ப்ளெண்டர்ல மாத்துற மாதிரி பேப்பர் பில்ட்டரே கிடையாது. கம்பி வலை மாதிரி ஒரு ஸ்ட்ரெயினர், அது போக கிராங்க்கோட சேர்ந்து சுத்துற ஒரு சென்ட்ரிஃபியூகல் பில்ட்டர், அவ்வளவுதான். சுத்துற வேகத்துல கனமான துகள் ஓரமா ஒதுங்கிடும், பால்ல இருந்து கிரீம் பிரிக்கிற மிஷின் மாதிரி. அதைச் சுத்தம் பண்ண வலது பக்கக் கவரையே திறக்கணும், அதை மெக்கானிக்கிட்ட விடுங்க. பழைய டிவிஎஸ் எக்செல் டூ ஸ்ட்ரோக். பெட்ரோல்ல கலந்து ஊத்துற ஆயில் எரிஞ்சே போயிடும், வடிகட்ட ஒண்ணுமில்ல. கிளாசிக் 350, பல்சர், எஃப்.இசட், டியூக் மாதிரி வண்டிகள்ல ஒரு சின்ன கவருக்குள்ள பேப்பர் பில்ட்டர் இருக்கும். இன்டர்செப்டர் 650-ல வெளியவே டப்பா மாதிரி தெரியுற ஸ்பின் ஆன் பில்ட்டர்.

இப்ப கழட்டுறது. ரெண்டு மூணு நிமிஷம் இன்ஜினை ஓட விட்டு நிறுத்துங்க. ஆயில் இளஞ்சூடா இருந்தா அழுக்கோட சேர்ந்து நல்லா வடியும். லாங் ரைடு போயிட்டு வந்த கையோட திறக்காதீங்க, ஆயிலும் சுடும், பக்கத்துல சைலன்சர் பைப் அதை விட மோசம். சமதரையில, வண்டி சாயாதபடி நிறுத்தி வேலை பாருங்க. கையுறை போட்டுக்கோங்க. பழைய ஆயில் தோல்ல அடிக்கடி, ரொம்ப நேரம் பட்டா தோல் புற்றுநோய் வரலாம்னு ஹோண்டா மேனுவல்லயே எச்சரிக்கை இருக்கு. முதல்ல டிரெயின் போல்ட், அது வடிஞ்ச பிறகு பில்ட்டர் கவர். கவரைத் திறக்கும்போது மிச்ச ஆயில் கொஞ்சம் வரும், கீழ பனியன் வேஸ்ட் வச்சுக்கோங்க. உள்ள ஸ்பிரிங், ஓ-ரிங் எது எந்த வரிசையில இருக்குன்னு கையை வைக்கிறதுக்கு முன்னாடியே போன்ல ஒரு போட்டோ எடுத்துடுங்க.

மாட்டுறதுல மூணு இடத்துல வேலை கெடும். முதல்ல பழைய ஓ-ரிங். பாக்க நல்லாத்தான் இருக்கும், ஆனா சூட்டுல தட்டையாகி இறுகியிருக்கும். இருபது முப்பது ரூபாய் மிச்சம் பிடிக்கிற இடம் இது இல்லீங்க. ஸ்பின் ஆன் வகையில இன்னொரு ஆபத்து: பழைய பில்ட்டரோட ரப்பர் இன்ஜின்லயே ஒட்டிக்கிட்டு நின்னுடும். அதைப் பார்க்காம புதுசை மாட்டினா ரப்பர் மேல ரப்பர். நிறுத்தி வச்சிருக்கும்போது கசியாது, ரோட்டுல பிரஷர் ஏறினதும் பிதுங்கிடும். கழட்டின பில்ட்டரைத் திருப்பிப் பார்த்து, ரப்பர் அதோட வந்துச்சான்னு உறுதி பண்ணுங்க.

அடுத்தது திசை. சில பேப்பர் பில்ட்டர்ல ஒரு பக்கம் ஓட்டை, மறுபக்கம் மூடியிருக்கும். திருப்பி மாட்டினா ஆயில் போற வழியே அடைஞ்சுடும். சின்ன பைக்குகள் பலதுல ஆயில் பிரஷர் லைட்டே கிடையாது. அதனால இன்ஜின் சத்தம் மாறுற வரைக்கும் தெரியாது, சத்தம் மாறும்போது காரியம் முடிஞ்சிருக்கும். பில்ட்டர்ல அச்சடிச்சிருக்கிற அம்புக்குறியையும் எழுத்தையும் படிங்க.

மூணாவது, முறுக்கு. கவர் போல்ட் பெரும்பாலும் 6 எம்எம், அது இறங்குறது அலுமினியத்துல. அந்த அளவு போல்ட்டுக்கு சாதாரணமா 10 நியூட்டன் மீட்டர் போதும், சரியான எண் மேனுவல்ல இருக்கும். முழு பலத்தையும் காட்டினா மரை போயிடும், அப்புறம் லேத் பட்டறைதான். முதல்ல எல்லா போல்ட்டையும் கையாலேயே ஏத்துங்க, பிறகு கொஞ்சம் கொஞ்சமா மாத்தி மாத்தி இறுக்குங்க. ஸ்பின் ஆன்ல ரப்பர் மேல புது ஆயில் தடவி, ரப்பர் தொட்ட பிறகு எவ்வளவு சுத்தணும்னு டப்பா மேலயே போட்டிருக்கும், பெரும்பாலும் முக்கால் சுத்து.

ஆயில் வாங்கும்போது டப்பால ஜாஸோ எம்ஏ அல்லது எம்ஏ2-ன்னு இருக்கணும். பைக்ல கிளட்ச்சும் அதே ஆயில்லதான் முங்கி இருக்கு. கார் ஆயில் ஊத்தினா கிளட்ச் வழுக்கலாம்.

ஊத்தியாச்சு, ஸ்டார்ட் பண்ணியாச்சு. உடனே கிளம்பாதீங்க. புரொடக்ஷன்ல கோடு போட்டுட்டு லாக் பார்க்காம வீட்டுக்குப் போற மாதிரி அது. ஆக்ஸிலேட்டர் முறுக்காம ரெண்டு நிமிஷம் ஓட விடுங்க, புது பில்ட்டர் நிறையணும். நிறுத்தி அஞ்சு நிமிஷம் கழிச்சு, மேனுவல் சொல்ற நிலையில வண்டியை வச்சு அளவு பாருங்க. பில்ட்டர் குடிச்ச அளவுக்குக் குறைஞ்சிருக்கும், சேர்த்து ஊத்துங்க. கவரைச் சுத்தி காய்ஞ்ச துணியால துடைச்சுட்டு, பக்கத்துத் தெரு வரைக்கும் மெதுவா போயிட்டு வந்து மறுபடி தொட்டுப் பாருங்க. ஈரம் இருந்தா அன்னைக்கு வண்டியை எடுக்கவே வேணாம். வேலை பார்க்கும்போது டயர்ல ஆயில் பட்டிருந்தா சோப்புத் தண்ணி போட்டுக் கழுவுங்க. பிரேக் பேட்ல பட்டிருந்தா துடைச்சு ஓட்டாதீங்க, பேடை மாத்திடுங்க.

கடைசியா அந்தப் பழைய ஆயில். நம்ம ஊர்ல சாக்கடையில ஊத்தினா அது எங்க போகும்? பக்கத்துல காவேரி, காளிங்கராயன் வாய்க்கால். 2016-ம் வருஷ அபாயக் கழிவு விதிகள்படி பழைய ஆயில் அபாயக் கழிவு. சென்ட்ரிங் பலகைக்குத் தடவக் கேட்டு சிலர் வாங்கிக்குவாங்க, அதுவும் மண்ணுல கசியத்தான் போகுது. ஆயில் வந்த டப்பாலயே திரும்ப ஊத்தி, மூடியை இறுக்கி, பழைய ஆயிலை மொத்தமா சேர்த்துக் கொடுக்கிற சர்வீஸ் சென்டர்ல கொடுத்துடுங்க. பழைய பில்ட்டரை ஒரு ராத்திரி கவுத்து வச்சு வடிய விட்டு, அதையும் கூடவே கொடுங்க.

அடுத்த எபிசோடுல பிரேக் பேட் பார்க்கலாம்.