சிங்கிள் ஆக்‌ஷன் ரிவால்வர்: கம்மி விலையில் நீடித்து உழைப்பது எது? அமெரிக்காவில் எதைப் பார்த்து வாங்குகிறார்கள்?

2021 அக்டோபர் 21. அமெரிக்காவின் நியூ மெக்சிகோவில் 'ரஸ்ட்' படப்பிடிப்பு. நடிகர் அலெக் பால்ட்வின் கையில் இருந்த துப்பாக்கியிலிருந்து குண்டு பாய்ந்து ஒளிப்பதிவாளர் ஹலினா ஹட்சின்ஸ் உயிரிழந்தார். அது, கௌபாய் படங்களில் நாம பார்க்கிற பழைய பாணி 'சிங்கிள் ஆக்‌ஷன்' ரிவால்வர். அமெரிக்காவில் இன்னைக்கும் இதைக் கடையில் விற்கிறார்கள். வேட்டைக்கும், இலக்குப் பயிற்சிக்கும், கௌபாய் சுடும் போட்டிகளுக்கும் வாங்குகிறார்கள்.

சிங்கிள் ஆக்‌ஷன்னா என்ன?

ஒவ்வொரு முறை சுடும் முன்பும் பின்னால் உள்ள ஹாமரைக் கட்டைவிரலால் இழுக்கணும். ட்ரிக்கர் செய்வது ஒரே வேலை: அந்த ஹாமரை விடுவிப்பது. டபுள் ஆக்‌ஷனில் இரண்டு வேலையையும் ட்ரிக்கரே செய்யும். சிங்கிள் ஆக்‌ஷனில் உள்ளே பாகங்கள் குறைவு. அதனால் பழுதும் குறைவு.

விலை எப்படி?

இந்த வகையின் மூத்த அண்ணன், 1873-ல் அமெரிக்க ராணுவத்துக்காக வந்த கோல்ட் சிங்கிள் ஆக்‌ஷன் ஆர்மி. இப்போ புதுசு வாங்கினால் 1,500 டாலரைத் தாண்டும். நடுத்தர பட்ஜெட்டுக்கு ஒத்து வராது.

அடுத்து, இத்தாலியின் உபெர்ட்டி, பியெட்டா நிறுவனங்கள் செய்யும் கோல்ட் நகல்கள். விலை பாதிக்கும் கீழே கிடைக்கும். தோற்றம் அச்சு அசல். ஆனால் உள்ளே பெரும்பாலும் அந்தக் காலத்துத் தட்டை ஸ்பிரிங்தான். நிறைய சுட்டால் உடையக்கூடியது அதுதான்.

ரூகர் நிறுவனம் இங்கேதான் மாற்றி யோசித்தது. 1953-ல் 'சிங்கிள் சிக்ஸ்', 1955-ல் 'பிளாக்ஹாக்' மாடல்களில் சுருள் ஸ்பிரிங் போட்டது. சட்டகமும் தடிமன். மாடலைப் பொறுத்து சுமார் 700 முதல் 1,000 டாலர். 'கொடுத்த காசுக்கு உழைக்கணும்' என்பவர்கள் பெரும்பாலும் வந்து நிற்பது இங்கேதான்.

சுமார் 200 டாலருக்கு ஹெரிடேஜ் 'ரஃப் ரைடர்' இருக்கு. .22 தோட்டாவுக்கானது, சட்டகம் துத்தநாகக் கலவை. பழகிக்கொள்ள சரி. தலைமுறை தாண்டி உழைக்கும்னு எதிர்பார்க்க முடியாது.

உயிர் சம்பந்தப்பட்ட விஷயம்

பழைய வடிவமைப்பில் ஹாமர் கீழே இறங்கி இருக்கும்போது, அதன் ஊசி தோட்டாவின் அடிப்பகுதியைத் தொட்டுக்கொண்டே இருக்கும். கை தவறிக் கீழே விழுந்தால் போதும், வெடிக்கலாம். அதனால்தான் அந்தக் காலத்திலேயே ஆறு அறையில் ஐந்தில் மட்டும் தோட்டா போட்டு, காலி அறை மேல் ஹாமரை வைப்பது வழக்கம்.

1973-ல் ரூகர் 'நியூ மாடல்' கொண்டுவந்தது. இதில் 'ட்ரான்ஸ்ஃபர் பார்' என்ற சின்ன உலோகத் தகடு இருக்கு. ட்ரிக்கரை அழுத்தினால் மட்டுமே அது மேலே வந்து, ஹாமரின் அடியை ஊசிக்குக் கடத்தும். ட்ரிக்கர் அழுத்தலைன்னா அடி போகாது.

1973-க்கு முந்தைய ரூகர் மலிவாகக் கிடைக்குதுன்னு வாங்குபவர்கள் இதைக் கவனிக்கணும். அந்தப் பழைய துப்பாக்கிகளுக்கு இந்தப் பாதுகாப்பு அமைப்பை நிறுவனமே இலவசமாகப் பொருத்தித் தருகிறது.

பழசு வாங்கினால் எதைப் பார்க்கணும்?

முதலில் தோட்டா இல்லைன்னு ஒவ்வொரு அறையாகத் திறந்து பார்க்கணும். கடைக்காரர் அனுமதியோடு பிறகு இவை:

• ஹாமரை முழுசா இழுக்கும்போது சிலிண்டர் 'டக்' என்று பூட்டிக்கொள்ளணும். அதிகமா ஆடினால் தேய்மானம்.
• இழுத்த ஹாமரைக் கட்டைவிரலால் முன்னால் தள்ளிப் பார்க்கணும். நழுவினால் வாங்கவே கூடாது.
• திருகுகளின் தலை சிதைந்திருந்தால், தெரியாதவர் யாரோ உள்ளே கை வைத்திருக்கிறார்கள் என்று அர்த்தம்.
• குழலுக்குள் துரு, குழி இருக்கான்னு வெளிச்சத்தில் பார்க்கணும்.

தோட்டா செலவும் சேர்த்துக் கணக்கு போடணும்

.357 மேக்னம் ரிவால்வரில் விலை குறைந்த .38 ஸ்பெஷல் தோட்டாவையும் சுடலாம். .45 கோல்ட் தோட்டா விலை அதிகம். எல்லாவற்றையும் விட மலிவு .22தான்.

அமெரிக்காவில் உள்ள நம்மவர்கள் வாங்கலாமா?

உரிமம் பெற்ற கடையில் கைத்துப்பாக்கி வாங்க 21 வயது ஆகியிருக்கணும், பின்னணி சோதனையும் உண்டு. ஹெச்-1பி, எஃப்-1 போன்ற தற்காலிக விசாவில் இருப்பவர்கள் துப்பாக்கி வைத்திருப்பதை மத்திய சட்டம் பொதுவாகத் தடை செய்கிறது. செல்லுபடியாகும் வேட்டை உரிமம் போன்ற சில விதிவிலக்குகள் மட்டுமே உண்டு. கிரீன் கார்டு உள்ளவர்களுக்கு இந்தத் தடை இல்லை. மாநிலச் சட்டங்கள் தனி. நண்பர் வீட்டில் இருக்கேன்னு ஆசைக்கு எடுத்துச் சுட்டுப் பார்த்தால்கூட விசாவுக்கே சிக்கல் வரலாம்.

வாங்குபவர்கள் பட்ஜெட்டில் ஒரு பூட்டுப் பெட்டிக்கும் பணம் ஒதுக்கணும். வீட்டில் குழந்தைகள் இருந்தால், ரிவால்வருக்கு முன்னால் வீட்டுக்குள் வர வேண்டியது அந்தப் பெட்டிதான்.