விரதம் இருந்தபின் பிலிரூபின் ஏறினால் அது மஞ்சள் காமாலையா?

பெங்களூரு விவேக் நகரில் இருப்பவர்களுக்கு விரதம் புதிதல்ல. குழந்தை இயேசு ஆலயத்தில் வியாழன்தோறும் கூட்டம் கூடும்; தவக்காலத்தில் ஒருசந்தி இருப்பவர்கள் உண்டு. இன்னொரு வீட்டில் ஏகாதசி, அடுத்த வீட்டில் ரமலான் நோன்பு, பிஜியில் இருக்கும் ஐடி பையனுக்கு இன்டர்மிட்டன்ட் ஃபாஸ்டிங். காரணம் எதுவானாலும் கல்லீரலுக்கு எல்லாம் பட்டினிதான்.

அப்படி ஒரு நாள் முழுக்கச் சாப்பிடாமல் இருந்துவிட்டு, மறுநாள் காலை வெறும் வயிற்றோடு ஆபீஸ் ஹெல்த் செக்கப்புக்கு ரத்தம் கொடுக்கிறீர்கள் என்று வைத்துக்கொள்வோம். ரிப்போர்ட்டில் மொத்த பிலிரூபின் 2.3. வழக்கமான அளவு சுமார் 1.2 மில்லிகிராம் வரைதான். ஊருக்கு போன் போட்டால், "மஞ்சக்காமாலைடா, எண்ணெய் கிட்டவே போகாத, மோர் சோறு மட்டும் சாப்பிடு" என்பார்கள். சிக்கல் இங்கேதான் ஆரம்பிக்கிறது. அந்தப் பத்தியமே பிலிரூபினை இன்னும் ஏற்றிவிடலாம்.

பட்டினிக்கும் பிலிரூபினுக்கும் என்ன தொடர்பு?

ரத்தச் சிவப்பணுக்கள் சுமார் 120 நாளில் அழிகின்றன. அப்போது உண்டாகும் மஞ்சள் கழிவுதான் பிலிரூபின். அது தண்ணீரில் கரையாது. கல்லீரலில் யுஜிடி1ஏ1 என்ற நொதி அதைக் கரையும்படி மாற்றி, பித்தத்தோடு குடலுக்கு அனுப்புகிறது. சிலருக்குப் பிறவியிலேயே இந்த நொதி மந்தம். மற்றவர்களுக்கு இருக்கும் வேகத்தில் சுமார் 30 சதவீதம்தான். இதற்கு கில்பர்ட் சிண்ட்ரோம் என்று பெயர். 1901இல் பிரெஞ்சு மருத்துவர்கள் விவரித்தது. 100 பேரில் 3 முதல் 10 பேருக்கு இருக்கிறது; பெரும்பாலோருக்கு இருப்பதே தெரியாது.

பட்டினி கிடந்தால் குடல் அசைவு குறைந்து, வெளியேற வேண்டிய பிலிரூபின் கொஞ்சம் திரும்ப ரத்தத்துக்கு வருகிறது. உடல் கொழுப்பை எரிக்கும்போதும் அதன் அளவு கூடுகிறது. எல்லோருக்கும் சற்று ஏறும். கில்பர்ட் உள்ளவர்களுக்கு இரண்டு மூன்று மடங்குகூட ஆகலாம். இரண்டு நாள் 400 கலோரி மட்டும் கொடுத்து, ஏறுகிறதா என்று பார்ப்பதே ஒரு காலத்தில் இதைக் கண்டுபிடிக்கும் வழி! கலோரி குறையாவிட்டாலும், கொழுப்பை அறவே நிறுத்தினால் இவர்களுக்கு பிலிரூபின் ஏறுகிறது. எண்ணெய் இல்லாப் பத்தியம் செய்வதும் அதைத்தான். பிறகு பத்தியம் முடித்துச் சாப்பிடத் தொடங்கினதும் தானாக இறங்கும். பெயரைக் கீழாநெல்லி தட்டிக்கொண்டு போய்விடும்.

அப்படியானால் கவலையே வேண்டாமா?

ரிப்போர்ட்டில் டைரக்ட், இன்டைரக்ட் என்று இரண்டு வரி இருக்கும். இன்டைரக்ட் மட்டும் கூடி, எஸ்ஜிஓடி, எஸ்ஜிபிடி சரியாக இருந்தால் கில்பர்ட் என்று சந்தேகிக்கலாம். ஆனால் சிவப்பணுக்கள் அளவுக்கு மீறி உடைந்தாலும் இன்டைரக்ட்தான் ஏறும். அதனால் ரத்த எண்ணிக்கையையும் டாக்டர் பார்க்க வேண்டும்.

இன்டைரக்ட் பிலிரூபின் சிறுநீரில் இறங்காது. ஆகவே சிறுநீர் கட்டங்காப்பி நிறத்தில் போனாலோ, மலம் வெளிறினாலோ "விரதம் இருந்தேன், அதான்" என்று தள்ளிப்போடாதீர்கள். காய்ச்சல், வாந்தி, உடம்பெல்லாம் அரிப்பு என்றாலும் அப்படித்தான். குழப்பம், அளவுக்கு மீறிய தூக்கம் இருந்தால் உடனே ஆஸ்பத்திரி.

ஹெபடைட்டிஸ் ஏ அல்லது இ என்று உறுதியானாலும் பட்டினி மருந்தல்ல. பசிக்கேற்ப, கொஞ்சம் கொஞ்சமாக, எண்ணெய் உட்பட எல்லாம் சாப்பிடலாம். குமட்டினால் மட்டும் கொழுப்பைக் குறைக்கலாம். மதுவை விட வேண்டும். காமாலைக்கு நல்லது என்று ரோட்டோரக் கரும்புச்சாறு குடிப்பவர்கள் ஒன்றை யோசிக்கணும்: அதில் போடும் ஐஸ் அசுத்தத் தண்ணீரில் செய்ததானால், இந்த இரண்டு வைரஸும் அதன் வழியாகவே வரும்.

சாம்பார் மஞ்சளால் பிலிரூபின் ஏறாது. கேரட்டும் பப்பாளியும் அதிகம் தின்றால் உள்ளங்கை மஞ்சளாகலாம், கண் வெள்ளையாகவே இருக்கும்.

சந்தேகம் இருந்தால், டாக்டரிடம் கேட்டு, இரண்டு மூன்று நாள் வழக்கம்போல் சாப்பிட்டபின் மறுபடி பரிசோதியுங்கள். கில்பர்ட் என்று தெரிந்தால் சிகிச்சை தேவையில்லை; ஆனால் புதிய டாக்டரிடம் போகும்போது சொல்லிவிடுங்கள். புற்றுநோய்க்குத் தரும் இரினோடீகான் போன்ற சில மருந்துகளை வெளியேற்றுவதும் இதே நொதிதான்.