லேப் மூலையில் ஒரு சிடி ரைட்டர்

2000களின் தொடக்கத்தில் தமிழ்நாட்டுப் பொறியியல் கல்லூரிகளில் வைவா நெருங்கினால் கம்ப்யூட்டர் லேபின் ஒரு மூலையில் மட்டும் கூட்டம் சேரும். சிடி ரைட்டர் பொருத்திய சிஸ்டம் அங்கேதான் இருக்கும். மற்ற சிஸ்டங்களில் வாசிக்க மட்டும் தெரிந்த டிரைவ்கள். புராஜெக்ட் ரிப்போர்ட்டை பைண்டிங் செய்து, பின்னட்டை உறையில் ஒரு சிடியும் செருகிக் கொடுப்பது பல கல்லூரிகளில் வழக்கம். பென் டிரைவ் அன்றைக்கு விலை கூடிய பொருள், ஃபிளாப்பியோ 1.44 எம்பிதான் கொள்ளும். ஒரு சிடியின் 700 எம்பிக்கு ஏறக்குறைய 500 ஃபிளாப்பி வேண்டும்.

ஆனால் சிடி எழுதுவதற்குப் பொதுக் கணினியைப் போல மோசமான இடம் வேறில்லை. காரணம் சிடி வேலை செய்யும் விதத்திலேயே இருக்கிறது.

சிடி-ஆர் தட்டு என்பது பாலிகார்பனேட் பிளாஸ்டிக். அதன் மேல் ஒரு சாயப்பூச்சு, அதற்கு மேல் பளபளக்கும் உலோகப்பூச்சு, எல்லாவற்றுக்கும் மேல் மெல்லிய அரக்குப் பூச்சு. ரைட்டரின் லேசர் சாயத்தைப் புள்ளி புள்ளியாகச் சுடுகிறது. சுட்ட இடம் ஒளியைக் குறைவாகத் திருப்பி அனுப்பும். சுடாத இடம் கூடுதலாக அனுப்பும். இந்த வேறுபாட்டைத்தான் டிரைவ் தரவாகப் படிக்கிறது. சுட்ட சாயம் பழைய நிலைக்குத் திரும்பாது. எழுதும்போது பிசகினால் அந்தத் தட்டு குப்பைக்குத்தான்.

பழைய ரைட்டர்களில் லேசர் ஓடத் தொடங்கிவிட்டால் நடுவில் நிற்கக் கூடாது. ஹார்ட் டிஸ்க்கிலிருந்து தரவு தொடர்ந்து வந்துகொண்டே இருக்க வேண்டும். தடங்கலைச் சமாளிக்க ரைட்டருக்குள் சிறிய பஃபர் நினைவகம் உண்டு. பல மாடல்களில் அது 2 எம்பிதான். சிடியில் 1எக்ஸ் என்பது வினாடிக்கு 150 கேபி. 8எக்ஸில் வினாடிக்கு 1.2 எம்பி தீரும் என்பதால், இரண்டு வினாடிகூட அந்தக் கையிருப்பு தாங்காது. அந்த நேரம் பார்த்துப் பக்கத்து சிஸ்டத்து மாணவர் நெட்வொர்க் வழியே பெரிய ஃபைலை இழுத்தாலோ, ஆன்டிவைரஸ் விழித்துக்கொண்டாலோ சிடி போச்சு! 2000-இல் ஜப்பானின் சான்யோ நிறுவனம் கொண்டுவந்த ‘பர்ன்-ப்ரூஃப்’ நுட்பம்தான் இந்தத் தலைவலியைத் தீர்த்தது. தரவு வற்றினால் லேசர் நிற்கும். நின்ற இடத்தைக் குறித்துக்கொண்டு, பஃபர் நிரம்பியதும் அங்கிருந்தே தொடரும்.

அடுத்த தடை அனுமதி. விண்டோஸ் 2000, எக்ஸ்பி கணினிகளில் நீரோ போன்ற மென்பொருள் ரைட்டரை நேரடியாக இயக்க அட்மினிஸ்ட்ரேட்டர் உரிமை கேட்டது. மாணவர் கணக்குகளுக்கு அந்த உரிமை கிடையாது. ஆகவே லேப் அசிஸ்டென்ட் வந்து பாஸ்வேர்டு தட்டும்வரை காத்திருக்க வேண்டும். சாதாரணக் கணக்குக்கும் எழுதும் உரிமையைத் திறந்துவிட ‘நீரோ பர்ன்ரைட்ஸ்’ என்ற தனிக் கருவியே வந்தது. லினக்ஸ் லேப்களில் பயனரை ‘சிடிராம்’ என்ற குழுவில் சேர்த்தால் பெரும்பாலும் வேலை முடிந்துவிடும்.

எக்ஸ்பி தன்னோடு கொண்டுவந்த சிடி எழுதும் வசதியில் இன்னொரு வேடிக்கை ஒளிந்திருந்தது. எழுத வேண்டிய ஃபைல்களை அது முதலில் பயனர் கணக்கின் கீழ் ஒரு ஃபோல்டரில் சேர்த்துவைக்கும். லேப் முழுவதற்கும் ஒரே கணக்கு என்றால், முந்தைய மாணவர் எழுதாமல் விட்டுப்போன ஃபைல்களும் அங்கேயே கிடக்கும். கவனிக்காமல் எழுதியவரின் சிடியில் முன்பின் தெரியாதவரின் ரெஸ்யூமேயும் சேர்ந்து ஏறிவிடும்.

டிவிடி வந்தபோது கொள்ளளவு 4.7 ஜிபிக்கு உயர்ந்தது. கூடவே டிவிடி-ஆர், டிவிடி பிளஸ் ஆர் என்ற இரு வகைகளும் வந்து, எந்த டிரைவுக்கு எது பொருந்தும் என்ற குழப்பத்தைக் கொடுத்தன.

லேப் ரைட்டரில் புராஜெக்ட்டோடு பாட்டும் படமும் ஓடியதை மறைக்க வேண்டியதில்லை. பதிப்புரிமைச் சட்டப்படி அதில் பெரும்பகுதி திருட்டுப் பிரதிதான். மறுபக்கம், அதே ரைட்டர்கள் லினக்ஸ் பரவவும் உதவின. ஒருவர் இறக்கிய ஐஎஸ்ஓ ஃபைல் சிடியாகிப் பலர் கைக்குப் போகும். நகலெடுக்க உரிமமே அனுமதித்தது. இணைய வேகம் குறைந்தவர்களுக்காக உபுண்டு என்ற லினக்ஸ் வகையும் 2005 முதல் 2011 வரை ‘ஷிப்இட்’ திட்டத்தில் இலவச சிடிகளைத் தபாலில் அனுப்பியது.

சிடி-ஆர் தட்டை உலகுக்குத் தந்த ஜப்பானின் தையோ யூடன் 2015-இல் அந்தத் தொழிலை விட்டு விலகியது. இந்தியாவின் பெரிய சிடி தயாரிப்பாளரான மோசர் பேயர் 2018-இல் கலைப்புக்குப் போனது. புதிய லேப்டாப்களில் பெரும்பாலும் சிடி டிரைவே இருப்பதில்லை.

அன்றைக்கு எழுதிய சிடிகளின் சாயமோ வெயிலிலும் வெப்பத்திலும் மெல்ல மங்கிக்கொண்டிருக்கிறது. சிடியில் பெயர் எழுதும் மேல்பக்கத்தில் அரக்குப் பூச்சு மட்டுமே காவல் என்பதால், அங்கே பால்பாயிண்ட் பேனா கீறினாலும் தரவு போய்விடும். பீரோவில் பழைய புராஜெக்ட் சிடியோ கல்யாண டிவிடியோ கிடந்தால், யுஎஸ்பி டிவிடி டிரைவ் ஒன்றை இரவல் வாங்கியாவது இந்த மாதமே ஹார்ட் டிஸ்க்கில் நகலெடுத்து வையுங்கள்.